தேசிக்காயும் வெள்ளைத் துணியும்

என் தையல் கடையில் நூல் அலுமாரிக்கு மேலே ஓர் எண்ணெய் வண்ணப் படம் தொங்குகிறது. ஒரு மாதுளம்பழம், ஊறுகாய்க்குப் போடுகிற தேசிக்காய் இரண்டு, ஒரு விளாம்பழம், அவற்றுக்குக் கீழே மடிப்பு மடிப்பாக விரித்த ஒரு துணி. சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். விளாம்பழத்தைத் தட்டினால் சத்தம் கேட்கும் போல இருக்கிறது என்பார்கள். பிறகு, பழைய படமாக்கும், புகை பிடித்துத் துணி மஞ்சளாகிவிட்டது என்பார்கள். புகையும் பிடிக்கவில்லை, அவ்வளவு பழையதும் இல்லை. கீறும்போதே அது மஞ்சள்தான். மேசையில் இருந்த துணி வெள்ளை. அது என் கடைப் பொப்ளின், என் கையால் வெட்டிக் கொடுத்தது. எனக்குத் தெரியாதா?

படத்தின் மூலையில் கீறியவரின் பெயர் இல்லை. அவர் எந்தப் படத்திலும் பெயர் போட்டதில்லை. ஒருமுறை நான் ஏன் என்று கேட்டபோது மேசையைக் கையால் காட்டினார்.

"மேசையில என்ட பேர் இல்லையே அக்கா. இல்லாததை எப்படிக் கீறுற?"

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் இங்கே அவர் பெயரை எழுதாமல் விடுகிறேன். நாங்கள் எல்லோரும் அவரை ரீச்சர் என்றோம். உண்மையில் அவர் ரீச்சர் இல்லை, கிண்ணியாவில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிற லிகிதராக இருந்தார். என்னைவிட ஏழு வயது இளைய பெண். கலியாணம் கட்டவில்லை, அங்கேயே தமையன் வீட்டில் இருந்தார். இந்த வேலையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் "பார்த்துப் படிச்சன்" என்பார். எதைப் பார்த்து என்று சொல்லமாட்டார்.

அவர் முதன்முதலாக என் கடைக்குள் வந்தபோது கையில் துணி இல்லை. என்னையும் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் பின்னறை யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் என் கடை. பின்னறையின் யன்னல் வடக்கே பார்த்தது, அங்கே நான் துண்டுத் துணிகளைப் போட்டு வைத்திருந்தேன்.

"அந்த யன்னலால வெயில் விழுமா?"

"வைகாசி, ஆனியில கொஞ்சம் விழும். மற்ற நேரம் வெளிச்சம் மட்டுந்தான்."

"அப்ப சனிக்கிழமையில அந்த அறையைத் தருவீங்களா? படம் கீறப் பழக்கப்போறன். வெயில் நகர்ந்தா நிழலும் நகரும். வடக்கு வெளிச்சம் ஒரே மாதிரி நிக்கும்."

எதற்காகச் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. என் வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது, சனிக்கிழமைகள் நீளமாக இருந்தன. வைகாசி வெயிலை மறைக்க யன்னலுக்கு ஒரு வெள்ளைத் துணி தைத்துக் கட்டினேன். மூன்றாம் கிழமை நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் முதலில் கீறியது ஒரு மாம்பழம். அழகான மஞ்சளில், மூக்கு வளைந்து, கலண்டர் படம் மாதிரி வந்திருந்தது. எனக்கே பெருமை. ரீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"இது எந்த மாம்பழம்?"

"இந்தா, மேசையில இருக்கிறதுதானே."

"இல்ல அக்கா. இது உங்கட தலைக்குள்ள இருக்கிற மாம்பழம்."

எனக்குச் சுள்ளென்றது. முப்பது வருடமாகச் சீலைக்கு நூல் பொருத்தி வருகிறவளுக்கு நிறம் சொல்லித்தர வந்துவிட்டா என்று மனசுக்குள் திட்டினேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் ஒரு சாம்பல்நிற அட்டையை எடுத்தார். நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, மாம்பழத்தின் நிழல் பக்கத்தை அந்த ஓட்டைக்குள்ளால் பார்க்கச் சொன்னார். பழமும் மேசையும் மறைந்து ஒரு துளி நிறம் மட்டும் தெரிந்தது. மஞ்சள் இல்லை. பாசிப்பச்சையும் மண்ணும் கலந்த ஒரு அழுக்கு நிறம். பிறகு துணியின் மடிப்பைப் பார்க்கச் சொன்னார். வெள்ளைத் துணியின் மடிப்புக்குள் மெல்லிய நீலம் இருந்தது. முப்பது வருடம் வெள்ளைத் துணி வெட்டியும் அதற்குள் நீலம் இருப்பதை நான் கண்டதில்லை.

"தெரிஞ்சதைக் கீறாதீங்க. தெரியிறதைக் கீறுங்க" என்றார். அவர் கற்பித்தது முழுவதும் அவ்வளவுதான். மற்றவையெல்லாம் கைப்பழக்கம். முதலில் மண்நிறத்தை மெல்லிசாகக் கரைத்து நிழல்களைப் போடுவது, அது காய ஒரு கிழமை விடுவது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் கூட்டித் தடிப்பாக வருவது, பழத்தின் தோலில் வெளிச்சம் விழுந்து மின்னுகிற அந்த ஒற்றைப் பொட்டைக் கடைசியில் ஒரே தொடுகையில் வைப்பது. ஒரு படத்துக்கு ஐந்தாறு கிழமை பிடிக்கும் என்பதால் கெதியில் அழுகாத பழங்களையே அவர் தேடி வருவார். விளாம்பழம் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும். தேசிக்காய் சுருங்கினால் சுருங்கிய மாதிரியே கீறச் சொல்வார்.

எங்களோடு இன்னும் இரண்டு பேர் பழகினார்கள். ஒருவர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற டக் படகில் ஓட்டியாக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பல்கார ஐயா என்போம். மற்றவர் பக்கத்துத் தெரு பேக்கரிக்காரரின் மனைவி. ஒரு சனிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் தலை குனிந்து கீறிக்கொண்டிருந்தபோது முன்கதவால் ஒரு மான் வந்துவிட்டது. எங்கள் ஊரில் மான் தெருவில் திரியும், கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்து பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தின்னும். ஆனால் கடைக்குள் வந்தது அன்றுதான். வந்தது யாரையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போய், காயாக வைத்த கொய்யாவைக் கவ்வி, நின்ற நிலையில் மென்று தின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

நாலு பேருடைய படத்திலும் கொய்யா பாதி முடிந்திருந்தது. பேக்கரிக்காரம்மா வேறொரு கொய்யா வாங்கி வருகிறேன் என்று எழும்பினார்.

"அது வேற கொய்யா" என்றார் ரீச்சர். "சுரண்டுங்க."

"என்ன ரீச்சர், மூண்டு கிழமை வேலை" என்றார் கப்பல்கார ஐயா. "ஞாபகத்தில இருக்கிறதை வைச்சு முடிக்கலாமே."

"ஞாபகம் பொய் சொல்லும் ஐயா. மேசையில இப்ப கொய்யா இல்ல."

நாங்கள் மூன்று பேரும் கத்தியால் கொய்யாவைச் சுரண்டி எடுத்தோம். அவரும் தன்னுடையதைச் சுரண்டினார். பிறகு அந்த வெற்றிடத்தைக் கீறினோம். துணியில் பழம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம், மானின் வாயிலிருந்து விழுந்த எச்சில் ஈரம். ஐயா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கீறினார். முடிந்தபோது அந்த நாலு படங்களும் முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தன, அதுதான் எரிச்சல்.

நோன்பு மாதத்தில் வகுப்பை நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. காய்ந்த உதட்டோடு மாதுளம்பழத்துக்கு முன்னால் மணிக்கணக்காக இருப்பார். கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், "பசிச்சா பழம் பெரிசாத் தெரியும். அதைத் திருத்திக் கீறோணும். அவ்வளவுதான் கஷ்டம்" என்பார். பின்னேரம் நாலு மணிக்குப் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு நோன்பு திறக்கக் கிண்ணியா பஸ்சுக்குப் போவார். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குச் சிலவேளை பயமும் வந்ததுண்டு. அவரை எனக்குப் பிடித்துப்போகாமல் இருந்திருந்தால் பயம் வந்திருக்காது.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. மருந்துப் பையும் பழக்கூடையும் ஒன்றாகத்தான் வரும்.

நாலாவது வருடத்தில் அவருடைய துணிகள் மாறத் தொடங்கின. முதலில் மடிப்புக்குள் இருந்த நீலம் போனது. அதன் இடத்தில் மண்நிறம் வந்தது. பிறகு துணியின் வெளிச்சமான பக்கமே மஞ்சளித்தது. வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் உள்ள இடைவெளி அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பழங்களின் உருவம் பிசகவில்லை, அதில் கை தேர்ந்தவர். நிறந்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முதல் நாளே தெரிந்தது. வெங்காயத் தோல் நிறத்தில் சீலையைக் கொண்டுவந்து அதற்கு நூல் கேட்டால் மூன்று கடை ஏறி இறங்கிப் பொருத்திக் கொடுக்கிறவள் நான். என் வீட்டுக்காரருக்கும் கண்புரை வந்து, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த பிறகு, "வீட்டுச் சுவர் வெள்ளையா? நான் மஞ்சள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்" என்று சொன்னதைக் கேட்டவள். என்ன நடக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கப்பல்கார ஐயாவும் கண்டுவிட்டார். ஒருநாள் ரீச்சர் பிரஷ் கழுவப் போன நேரம் என் பக்கம் குனிந்தார்.

"ரீச்சரிட கண்ணில ஏதோ பிழை இருக்கு. சீனியும் இருக்கிற மனுசி. கெதியாக் காட்டோணும். நீங்க பொம்பிள, நீங்கதான் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம் என்று விட்டேன், அதற்கடுத்த கிழமையும் விட்டேன். பேக்கரிக்காரம்மா பிள்ளைகளின் பள்ளிச் சோதனையைச் சாட்டி நின்றுவிட்டார். ஐயா கொஞ்ச நாள் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை என்று கண்டதும் அவரும் வராமல் விட்டார். தன்னுடைய கண்டிப்புத்தான் அவர்களைத் துரத்திவிட்டது என்று ரீச்சர் நினைத்துக்கொண்டார். அதையும் நான் திருத்தவில்லை. நானும் அவருமாக இரண்டு கதிரை.

அந்த வருட நோன்பில் கீறியதுதான் இப்போது என் அலுமாரிக்கு மேலே இருக்கிற படம். முடிகிற நாளில் அவர் எட்ட நின்று பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார். ஓட்டை அட்டையை எடுத்து மேசையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு வருடத்தில் அவர் யாரிடமும் கேட்காத ஒன்றை என்னிடம் கேட்டார்.

"அக்கா, படத்தில துணி வெள்ளையாத்தானே இருக்கு?"

"ஓம் ரீச்சர். வெள்ளைதான்."

"உங்கட கண் நூல் பார்க்கிற கண். நீங்க சொன்னாச் சரி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். பாவம் என்று நினைத்தேன், அது உண்மை. தன் கண்ணையே நம்பி வாழ்கிற மனுசியிடம் உன் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை, அதுவும் உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்னுடைய துணி அவருடையதைவிட நன்றாக இருந்தது. என் மடிப்புக்குள் நீலம் இருந்தது. அவர் ஒன்றும் அறியாமல் பிழையாகக் கீறுவதையும் நான் சரியாகக் கீறுவதையும் பார்க்க, உள்ளுக்குள் எங்கோ எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவர் கற்றுத்தந்ததை வைத்தே அவரை முந்திய சந்தோசம். கேவலந்தான். எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிறகும் இரண்டு படங்களுக்கு அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். பழகிய பொய் நாக்குக்குச் சுலபமாக வந்தது.

விசயம் வெளியே வந்தது பஸ்சால். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கிண்ணியா பஸ் என்று நினைத்துக் கந்தளாய் பஸ்சில் ஏறிவிட்டார். பலகையில் எழுதியிருந்தது அவருக்குத் தெரியவில்லை. கடல் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காடு வந்ததாம். இருட்டின பிறகு வீடு வந்து சேர்ந்த தங்கையைத் தமையன் அடுத்த நாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இரண்டு கண்ணிலும் புரை. இரண்டையும் எடுத்தார்கள். வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் புரைக்குப் பின்னால், சீனியினால் இரத்தம் கசிந்து, உள்ளே கெட்டுப்போயிருந்தது. ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதாக, நான் பார்க்கப் போனபோது தமையன் சொன்னார். எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்தார்.

"கிண்ணியாப் பாலத்தில வரக்குள்ள பார்த்தன் அக்கா. கடல் இவ்வளவு நீலம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பின்னறைக்குப் போய்ச் சுவரோடு சாய்த்து வைத்திருந்த தன் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பச் சொன்னார். ஆணியில் தொங்கிய ஓட்டை அட்டையை எடுத்து, வலது கண்ணால், எல்லாவற்றையும் பார்த்தார். கொய்யா இல்லாத படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மஞ்சள் துணிகள் வந்தன. மூன்றையும் வரிசையாக யன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். வெளியே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.

"இது எப்ப கீறினது?"

"போன நோன்புக்கு."

"துணி வெள்ளையெண்டு சொன்னீங்க."

"ஓம்."

"உங்களுக்கு வெள்ளையாத் தெரிஞ்சதா?"

"இல்ல ரீச்சர்."

அவர் அட்டையைக் கீழே வைத்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசினால் ஆறுதலாக இருந்திருக்கும். "என்ன கண்டீங்க?" என்று கேட்டார். "மஞ்சள்" என்றேன். "எப்ப இருந்து?" என்றார். "அதுக்கு ஆறேழு மாசத்துக்கு முதல்ல இருந்தே" என்றேன். அவர் விரலை மடித்து மாதங்களை எண்ணுவதைப் பார்த்தேன். நானும் எண்ணியிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான் வந்திருக்கும்.

மூன்றில் இரண்டைச் சுரண்டித் திரும்பப் பாவிப்போம் என்றார். நோன்புப் படத்தை மட்டும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை உங்கட கடையில மாட்டுங்க. நூல் பார்க்கிற இடத்தில."

அவ்வளவுதான் தண்டனை. பன்னிரண்டு வருடமாக அதன் கீழே நின்று நூல் பார்க்கிறேன். ரீச்சர் இப்போது இல்லை. சீனி கடைசியில் சிறுநீரகத்தையும் எடுத்துவிட்டது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. அதைச் சொல்லாமல் முடித்தால் அவரைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பிழையாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமையே வந்தார். புதிதாக ஒரு பொப்ளின் துண்டு வெட்டித் தரச் சொன்னார். அதன்மேல் ஒரே ஒரு தேசிக்காய். ஆறு கிழமை இருந்து கீறினோம். நிறம் முழுவதும் திரும்பியிருந்தது. மடிப்புக்குள் நீலம் என்னுடையதைவிட நன்றாக வந்தது, இந்தமுறை எனக்குப் பொறாமை வரவில்லை. கடைசி நாள் வந்தது. தேசிக்காயின் தோலில் மின்னுகிற அந்த ஒற்றைப் பொட்டு மட்டும் பாக்கி.

அப்போதுதான் கண்டேன். ஒரு கண்ணுக்கு எட்டமும் கிட்டமும் தெரியாது. மற்ற வேலையில் பிரஷ் பட்டுப் பட்டுத்தான் போகும், சமாளித்துவிடலாம். பொட்டை அப்படி வைக்க ஏலாது. அவர் நுனியில் வெள்ளையை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். பிரஷ் கன்வசுக்கு அரை அங்குலம் இப்பால் காற்றில் நின்றது. பட்டுவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்தார். பார்த்தார். பொட்டு இல்லை. இன்னொருமுறை நீட்டினார். இந்தமுறை கையை நடுவழியில் நிறுத்தினார்.

"அக்கா, தொட்டிட்டா?"

பிரஷ் நுனிக்குப் பக்கவாட்டில் போய்க் குனிந்தேன். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கை எங்கள் தொழிலில் நூல் என்போம். என் கண்ணுக்கு அது பழக்கம்.

"இல்ல. இன்னும் மூண்டு நூல் இருக்கு."

கை முன்னால் வந்தது.

"இப்ப?"

"ரெண்டு நூல்."

"இப்ப?"

"ஒண்டு. அரை. தொட்டிட்டுது, எடுங்கோ."

எடுத்தார். தேசிக்காயின் தோலில் பொட்டு இருந்தது. இருவரும் எட்டப் போய் நின்றோம். அவர் மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்க்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெள்ளையா இருக்கா?"

ஆணியிலிருந்து ஓட்டை அட்டையை எடுத்தேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தேசிக்காயைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். திரும்பவும் தேசிக்காயைப் பார்த்தேன். ஆறு கிழமை வேலை, அந்தக் கை படுகிற பாடு எல்லாம் என் கண்முன்னால்தான் இருந்தது.

"இல்ல ரீச்சர். நீலம் கொஞ்சம் கூடிப்போச்சு."

அவர் தலையாட்டினார். துண்டுத் துணியை எடுத்து அந்தப் பொட்டை ஒற்றித் துடைத்தார். பலகையில் வெள்ளையைப் புதிதாகக் குழைத்து, பிரஷை எடுத்து, கையை நீட்டினார்.

"சொல்லுங்க அக்கா."

நான் குனிந்து பார்த்தேன். நாலு நூல் இருந்தது. நாலு என்றேன்.